என்ஜின் மாற்றிய ஆம்னி: கோளாறு கரண்டிலா, கார்புரேட்டரிலா?

ஜூன் 2. மார்த்தாண்டம் வாசகர் ஒருவரின் கேள்வி

"மாருதி ஆம்னி வேனில் பழைய என்ஜினை இறக்கிவிட்டு வேறு வண்டியின் என்ஜினை வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை. இடையிடையே மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் பற்றாமல் தவறுகிறது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கை மாற்று, அதன் பொறிக்கு வோல்ட்டேஜைக் கூட்டித் தரும் காயிலை மாற்று என்று அடுக்கிக்கொண்டே போகிறார். என் கணக்கில் என்ஜின் மாற்றிய வண்டி மக்கர் செய்தால் அது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்தான். கரண்ட் கோளாறு என்பதெல்லாம் காசு பிடுங்கும் வழி. மறுப்பவர் உண்டா?"

ஜூன் 2, இரவு

உண்டு. என் ஆம்னியும் இதே கோலத்தில் முற்றத்தில் நிற்கிறது. குலசேகரத்தில் இருந்து மார்த்தாண்டத்துக்கு ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர்ப் பால்) கொண்டுபோகும் வண்டி. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (அழுத்தம்) போய்ப் புகை தள்ளியதால், உடைக்க வந்த இன்னொரு பழைய ஆம்னியின் என்ஜினை வாங்கி வைத்தேன். இரண்டும் அதே 796 சிசி, அதே மூன்று சிலிண்டர். போல்ட் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் போல்ட் பொருந்தினால் கரண்டும் பொருந்திவிட்டதாக ஆகாது. என் வண்டியின் வயரிங்கும் வந்த என்ஜினும் கல்யாண வீட்டில் முதல் முறை பார்த்துக்கொள்ளும் சம்பந்திகள் மாதிரி இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். கார்புரேட்டர் பெரும்பாலும் என்ஜினோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதை யாரும் பிரிப்பதில்லை. வயரைத்தான் கழற்றுகிறோம், வெட்டுகிறோம், எது எங்கே இருந்தது என்று நினைவில் இருந்து மாட்டுகிறோம். கை பட்ட இடத்தைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

ஜூன் 4

கிடைத்துவிட்டது. என் வண்டியில் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி.

காலையில் செல்ஃப் அடித்தால் அரை மனதாகச் சுற்றியது. பேட்டரி சரி, 12.5 வோல்ட். பக்கத்தில் நின்ற மச்சினன் திடீரென்று, "அத்தான், ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பாருங்க" என்றான். தொட்டேன். கேபிளின் வெளி உறை வெந்நீர்ச் செம்பு மாதிரி சுட்டது. பெட்ரோல் வாசனை அடிக்கும் இடத்தில் சூடான கம்பி என்றால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் எளிது. என்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் என்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு தடித்த எர்த் பட்டை வைக்கிறார்கள். என்ஜினை இறக்கும்போது கழற்றிய அந்தப் பட்டை திரும்ப ஏறவே இல்லை. செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை ஆம்பியரும் வேறு வழியில்லாமல் ஆக்சிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாக ஊர் திரும்பியிருக்கிறது. பிளக்கின் பொறிக்கும் அதே வழிதான்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணில் வையுங்கள், மறு முனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பட்டையை மாட்டும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து முறுக்கினேன். இப்போது செல்ஃப் சீறுகிறது.

மார்த்தாண்டம் நண்பரே, கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் உங்கள் எர்த்தைப் பாருங்கள்.

ஜூன் 5

ஒருவர் கேட்டிருக்கிறார்: பிளக் வயர் மூன்றுதானே, 1-2-3 என்று வரிசையாகப் போடக்கூடாதா? கூடாது. இந்த என்ஜினில் பொறி விழும் வரிசை 1-3-2. மூன்று வயரை ஆறு விதமாக மாட்டலாம், அதில் ஒன்றுதான் சரி. இரண்டு வயர் இடம் மாறினால் ஒரு சிலிண்டர் மட்டும் ஒழுங்காக அடிக்கும், மற்றவை கார்புரேட்டர் வழியாகத் துப்பும், இல்லையென்றால் சைலன்சரில் வெடிக்கும். ஊரே எட்டிப் பார்க்கும். வருகிற வழியில் கோயில் கொடை நடந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

பொறியை முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. பிஸ்டன் மேலே வருவது ஒரு சுழற்சியில் இரண்டு முறை. கம்ப்ரஷனில் ஒன்று, புகை தள்ளி முடியும்போது ஒன்று. பொறி விழும் நேரத்தைக் காட்டும் மார்க் இரண்டு முறையும் பொருந்தும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டை விரலை வைத்துக்கொண்டு என்ஜினைச் சுற்றுங்கள். விரலைத் தள்ளும் முறைதான் நமக்கு வேண்டியது.

ஜூன் 8

நாலு நாள் ராஜா மாதிரி ஓடிய வண்டி நேற்று திருவட்டாறு தாண்டியதும் இருமத் தொடங்கியது. ஆற்றூரில் நின்றேவிட்டது. அரை மணி நேரம் சாயா குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் இருபது நிமிடத்தில் மறுபடி இருமல்.

எர்த் என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அது ஒரு கோளாறு, சரியாகிவிட்டது. இது வேறொன்று.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. மார்த்தாண்டம் நண்பர் உடனே எழுதிவிட்டார்: "பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பு, கார்புரேட்டர் பக்கம் வாருங்கள்." வர மாட்டேன். ஆற்றூரில் நின்றபோதே பார்த்தேன். காயிலில் இருந்து வரும் தடித்த வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பில் இருந்து உருவி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, பிளாக்குக்கு ஆறு மில்லிமீட்டர் தள்ளிக் காட்டி, மச்சினனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். வந்த பொறி மஞ்சளாக, நூல் மாதிரி, விட்டு விட்டு வந்தது. நீலமாக 'டக் டக்' என்று விழ வேண்டும். நிற்கிற நேரத்தில் பார்ப்பதுதான் முக்கியம். வீட்டுக்கு இழுத்து வந்து ஆறிய பிறகு பார்த்தால் எல்லாக் காயிலும் நல்ல காயில்தான்.

எச்சரிக்கை: பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்த வண்டியிலேயே இதைச் செய்யுங்கள். அதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் மாட்யூல் உள்ளதில் வயரை எங்கும் எர்த் ஆகாமல் தொங்கவிட்டு அடித்தால் மாட்யூல் போய்விடும். உங்கள் கையும் சும்மா இருக்காது. நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன், முழங்கைவரை ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 11

காயில். இந்த முறை கணக்கோடு வந்திருக்கிறேன்.

என் பழைய என்ஜினில் இருந்தது எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர். வாங்கிய என்ஜினில் வந்தது பாயிண்டும், அது கருகாமல் காக்கும் கண்டென்சரும் வைத்தது. மாட்டியவர் பாயிண்டின் வயரை எடுத்து வண்டியில் ஏற்கெனவே இருந்த காயிலில் கொடுத்துவிட்டார். ஸ்டார்ட் ஆனது, பணம் வாங்கிக்கொண்டார், நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தால் 1.7 ஓம். மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் மட்டுமே 0.3 காட்டுகிறது, அதைக் கழித்தால் 1.4. பாயிண்ட் வண்டிக்குக் காயிலும் அதோடு வரும் ரெசிஸ்டரும் சேர்ந்து 3 ஓம் பக்கத்தில் இருக்க வேண்டும். 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். 1.4 ஆல் வகுத்தால் எட்டரை. எலக்ட்ரானிக் மாட்யூல் அந்தக் கரண்டை அளவாகத் திறந்து மூடிச் சமாளிக்கும். பாவம், பாயிண்ட் என்ன செய்யும்? இரண்டு சின்ன உலோகப் பொட்டு. கழற்றிப் பார்த்தால் ஒரு பொட்டில் குழி, எதிர்ப் பொட்டில் மேடு, சுற்றிலும் மயில் கழுத்து நீலம்.

காயிலும் தொட முடியாத சூடு. ஆனால் எண்ணெய் சூடாகும் வாசனை எனக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். பின்னால் இரண்டு மூட்டை ஒட்டுப்பால். அந்த நாற்றத்தில் வண்டியே எரிந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

3 ஓம் காயில், புதுப் பாயிண்ட், புதுக் கண்டென்சர். பாயிண்ட் திறக்கும் இடைவெளி 0.4 மில்லிமீட்டரைச் சுற்றி. சூடாகி நிற்பது ஒழிந்தது. இந்தக் கேள்வி-பதில் இழை இத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 12

நல்ல கேள்வி ஒன்று: பழைய எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்து இந்த என்ஜினில் மாட்டியிருக்கலாமே, பாயிண்டும் வேண்டாம் காயிலும் மாற்ற வேண்டாம்?

மாட்டியிருக்கலாம். பழைய என்ஜினோடு சேர்த்து அதையும் எடைக்குப் போட்டுவிட்டேன். இதைப் பற்றி மேலே எதுவும் கேட்க வேண்டாம்.

ஜூன் 15

முடியவில்லை.

மூன்று நாளாக விடாத மழை. ரப்பர்ப் பால் வெட்டும் இல்லை, ஓட்டமும் இல்லை. நேற்று சும்மா எடுத்தேன், மிஸ்ஸிங். மழையைக் குற்றம் சொல்வதுதானே சுலபம்? இரவில் விளக்கை அணைத்துவிட்டு சீட்டைத் தூக்கி, ஓடும் என்ஜினை டார்ச் இல்லாமல் பார்த்தேன். பிளக் வயர் ஒன்றின் மேல் நீலப் பூச்சி மாதிரி ஒளி ஊர்ந்தது, பொறி வெளியே கசிகிறது. வயர் மூன்றையும் மாற்றினேன், கேப்பின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தேன். கேப்பின் உள்ளே பென்சிலால் கோடு போட்ட மாதிரி கரிக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பொறி அந்த வழியாக வேறு சிலிண்டருக்குப் போகும், துடைத்துப் பயனில்லை, கேப்பைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். எனக்கு இல்லை.

ஒளி போனது. மிஸ்ஸிங் போகவில்லை.

ஜூன் 19

இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை நாளும் 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று எழுதினேனே தவிர, எப்போது அடிக்கிறது என்று நான் கவனிக்கவே இல்லை.

நேற்று பேச்சிப்பாறைக்கு ஏற்றம். நாலு ஆள், பின்னால் சாமான். மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தால் தங்கமாக ஏறுகிறது. ஒரு இருமல் இல்லை. இன்று மார்த்தாண்டம் மேம்பாலத்தில் காலியாக, நாற்பத்தைந்தில், பெடலில் கால் வைத்தும் வைக்காமலும் போகிறேன். டக், டக், டக் என்று யாரோ பின்னால் இருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல் இருக்கிறது. சிக்னலில் நின்றால் ஐடிலிங் மணி அடித்தாற்போல் இருக்கிறது.

உலகத்துக்கே நேர்மாறு. காயில் பலவீனம், பிளக் இடைவெளி அதிகம், பெட்ரோல் பற்றாக்குறை எதுவாக இருந்தாலும் பாரம் ஏறும்போதுதான் காலை வாரும். இது பாரத்தில் நிமிர்ந்து நிற்கிறது, சும்மா போகும்போது தடுமாறுகிறது.

ஜூன் 11 அன்று காயில்தான் என்று மார்தட்டியது பாதி தவறு. இரண்டு கோளாறு ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கிறது. பெரியது எழுந்து போனதும் சின்னது தெரிகிறது.

ஜூன் 20

குலசேகரம் பக்கம் ஓர் ஆசான் இருக்கிறார். ஜீப் காலத்தில் இருந்து எஸ்டேட் வண்டிகள் பார்த்தவர், இப்போது கண் சரியில்லை என்று கடையை மகனிடம் விட்டுவிட்டார். மேம்பாலக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மக்கா, வேக்குவம் குழாயைப் பிடுங்கி அடைச்சுட்டு ஒரு ஓட்டம் போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கார்புரேட்டரில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் அது. உருவி, குழாயின் வாயில் ஒரு திருகாணியைச் செருகி அடைத்துவிட்டு ஆற்றூர்வரை போய் வந்தேன். இழுவை கொஞ்சம் மந்தம். மிஸ்ஸிங் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 21

பிடித்தாயிற்று. விலாவாரியாக எழுதுகிறேன், எனக்காக இல்லாவிட்டாலும் அந்த வயருக்காக.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையாத தட்டு இல்லை. லேசாக மிதித்து ஓட்டும்போது கார்புரேட்டரில் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, அதிகம். அது தட்டைக் கொஞ்சம் திருப்பி, பொறியை முன்கூட்டியே விழவைக்கும். முழுசாக மிதித்தால் வேக்குவம் போய்விடும், தட்டு பழைய இடத்துக்கு வரும். ஐடிலிங்கிலும் அந்தக் குழாய்க்கு வேக்குவம் வராது. ஆக, லேசாக மிதிக்கும்போது மட்டும் அசையும் பொருள் வண்டியிலேயே இது ஒன்றுதான்.

அசையும் தட்டுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு வயர் போகிறது. பாயிண்டின் கரண்ட் முழுக்க அதில்தான். ஐடிலிங்கில் ஓடவிட்டு வேக்குவம் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சினேன் (பெட்ரோல் வாசனை மதியச் சாப்பாடுவரை தொண்டையில் நின்றது). உறிஞ்சியதும் என்ஜின் இருமி நின்றது. விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து மறுபடி உறிஞ்சினேன், மறுபடி நின்றது. மச்சினன் சிரித்த சிரிப்பை எழுத முடியாது.

வயரைக் கழற்றிக் கையில் எடுத்தால் வெளித்தோல் புதுசு மாதிரி இருந்தது. இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தேன். ஒரு இடத்தில் தோல் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே கம்பி அறுந்து, பாம்புச் சட்டை மாதிரி வெறும் உறை. நேராக இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், தட்டு திரும்பினால் விலகும். பாயிண்டைப் புதுசாகப் போட்ட நாளில் இந்த வயரைத் தொட்டுத்தான் மாட்டியிருக்கிறேன்.

மாற்று வயர் வீட்டு வயரிங் துண்டாக இருக்கக் கூடாது. தினமும் ஆயிரம் முறை மடங்கி நிமிர வேண்டும். முடி மாதிரி நுண்ணிய இழைகள் நிறைய உள்ளதே வேண்டும். கடையில் உடனே கிடைக்கவில்லை. என் மல்டிமீட்டரின் கறுப்பு வயரில் விரல் நீளம் வெட்டி, முனைகளில் லக் (மாட்டுவதற்கான உலோகக் காது) அடித்துப் போட்டேன். மீட்டருக்கு இப்போது ஒரு கை குட்டை. வண்டிக்கு நோய் கண்டுபிடித்த டாக்டரின் காலையே எடுத்து வைத்ததாக ஆசான் சொல்கிறார்.

ஜூன் 22

நேற்றைய அவசரத்தில் ஒன்று விட்டுப்போனது. பாயிண்ட் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) மாறும். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், பொறி முந்தும். குறைந்தால் பிந்தும். முதலில் இடைவெளி, அப்புறம் டைமிங். தலைகீழாகச் செய்தவர்கள் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

அப்புறம், ஆக்சா பிளேடை வைத்துப் பாயிண்ட் இடைவெளி பார்க்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. பிளேடின் கனம் 0.65 மில்லிமீட்டர் பக்கம் வரும். பிளக்குக்கு அவசரத்துக்கு ஓடும், பாயிண்டுக்கு ரொம்ப அதிகம். காயில் நிரம்ப நேரம் கிடைக்காமல் வேகத்தில் பொறி மெலியும். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்பு வழியும் சொல்லிவிடுகிறேன், மீட்டர் இல்லாதவர்களுக்கு. காயிலின் நெகட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் சின்ன பல்பு. செல்ஃப் அடிக்கும்போது மினுக் மினுக் என்று விட்டு விட்டு எரிய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை அல்லது உள்ளே வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவே இல்லை. சாவியைப் போட்டுவிட்டு அப்படியே விட்டு மட்டும் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயில் வேகும்.

ஜூலை 1

மார்த்தாண்டம் நண்பர் நேற்று வண்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இழையில் வாய்ச்சண்டை போடுபவர் நேரில் பழக இனியவர், கையில் நேந்திரங்காய் வற்றல் வேறு.

எர்த் பார்த்தோம், 0.2 வோல்ட். காயில் 3.1 ஓம், பாயிண்டும் அதற்கேற்றது. வேக்குவம் உறிஞ்சினோம் (இந்த முறை அவர் உறிஞ்சினார்), என்ஜின் நிற்காமல் வேகம்தான் கூடியது. பொறி நீலம். டைமிங் சரி. நான் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

அவருடைய என்ஜின், விற்றவர் வீட்டுக் கொட்டகையில் நாலு வருஷம் கிடந்ததாம். கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பச்சைப் பாசி மாதிரி காய்ந்த பெட்ரோல், பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டின் ஓட்டையில் பாதி அடைப்பு. கழுவி ஊதி மாட்டினோம். இழுக்கிறது.

ஆக, அவருடைய வண்டியில் அவர் சொன்னது சரி. "இழையின் தொடக்கத்திலேயே பதில் எழுதியிருந்தேனே" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார். வற்றல் நன்றாக இருந்தது.

ஜூலை 6

ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) பற்றிக் கேட்டவருக்கு: என்ஜின் எண் மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. வாங்கிய என்ஜினுக்கு ரசீதும் அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான தாளும் இல்லாமல் போய் நிற்காதீர்கள். என்னுடையது இன்னும் பாக்கி. அடுத்த வாரம் போக வேண்டும்.

மீட்டர் வயர் பதினைந்து நாள் தாண்டிவிட்டது, அறவில்லை. ஆனால் என்ஜின் மாற்றிய நாளில் இருந்து ஹார்ன் அடித்தால் வைப்பர் ஒரு துடி துடிக்கிறது. சத்தியமாக. எந்த எர்த்தில் எது கலந்திருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். மச்சினனை வரச் சொல்லியிருக்கிறேன்.